செம்பு யார் பொறுப்பில் இருக்கிறது? மூளைச் சிதைவு நோய்களை விளங்கிக்கொள்ள ஒரு தொடக்கம்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன் என்பதால், செம்பு என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மின்கம்பியோ பூசையறைக் குடமோ அல்ல. தென்மேல் பருவமழை இறங்கியதும் தேயிலைக் கொழுந்தின் மேல் படிந்திருக்கும் நீலப்பச்சைப் பொடிதான். கொப்புள நோய் என்று நாம் சொல்லும் பூஞ்சண நோய் 1946இல் இலங்கைத் தேயிலைக்கு வந்து சேர்ந்தது. மூட்டமும் ஈரமும் விலகாத நாள்களில், இளம் இலையில் முதலில் எண்ணெய்ப் பொட்டுப் போலத் தெரிந்து, பிறகு வெண்ணிறக் கொப்புளமாகப் புடைக்கும் அந்த நோய்க்கு எதிராகத் தெளிக்கப்பட்டு வரும் மருந்துகளில் செம்பு கலந்தவைக்கு நெடுங்காலமாகவே முக்கிய இடம் உண்டு. இலையின் ஈரத்தில் செம்பு மிகச் சிறிதளவு கரைந்து அயன்களாகிறது. முளைக்கத் தொடங்கும் பூஞ்சண வித்தி அவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த அயன்கள் வித்தியின் புரதங்களில் கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்வதால் அது முளைவிடாமலே மடிகிறது.

இனி, அதே கொழுந்தைப் பின்தொடர்ந்து தொழிற்சாலைக்குள் போவோம். வாட்டி, அரைத்து, பரப்பி வைத்த கொழுந்து சிறிது நேரத்தில் பச்சை நிறம் இழந்து செப்புக் காசின் நிறத்துக்கு மாறுகிறது. இந்த மாற்றத்தைச் செய்வது இலைக்குள் இயல்பாகவே இருக்கும் பொலிபீனோல் ஒக்சிடேஸ் என்னும் நொதியம். அதன் நடுவில் அமர்ந்து வேலை செய்வதும் செம்புதான். கொழுந்தில் செம்பு போதாவிட்டால் தேயிலை சரியாக நிறம் ஏறுவதில்லை. இலையின் மேல் நஞ்சாக நிற்கும் அதே உலோகம் இலையின் உள்ளே தேநீருக்கு நிறமும் சுவையும் தருகிறது. அளவு மட்டும் இந்த வேறுபாட்டுக்குக் காரணமல்ல. உரிய புரதத்தின் பிடியில் செம்பு இருக்கிறதா, அல்லது பிடி விட்டுத் திரிகிறதா என்பதே பெரும் காரணம். மூளையின் சில நோய்களில் செம்பு வகிக்கும் பங்கை விளங்கிக்கொள்ள இந்த ஒரு கருத்தைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்.

வளர்ந்த ஒருவரின் உடல் முழுவதிலும் ஏறத்தாழ 100 மில்லிகிராம் செம்பே இருக்கிறது. அதாவது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. நாளொன்றுக்குத் தேவைப்படுவது 0.9 மில்லிகிராம். பருப்பு, கௌபி, எள், கச்சான், கஜு, காளான், ஈரல் முதலியவற்றில் செம்பு உண்டு என்பதால், வழக்கமான சாப்பாடு சாப்பிடும் ஒருவருக்கு அதைத் தனியாகத் தேடிப் போக வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. ஆனால் இந்தச் சிறு அளவை நம்பி இருக்கும் வேலைகள் பெரியவை. செம்பு அயன் ஓர் இலத்திரனை எளிதில் கொடுக்கவும் எளிதில் வாங்கவும் வல்லது. ஒட்சியேற்றம், தாழ்த்தல் என்று பாடசாலையில் படித்த அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் உயிர்க் கலங்களின் சக்திக்கு அடிப்படை. கலத்தின் இழைமணிகளில், நாம் மூச்சில் இழுக்கும் ஒட்சிசனை நீராக மாற்றிச் சக்தி பெற உதவும் இறுதி நொதியமான சைட்டோகுரோம் ஒக்சிடேஸ் செம்பு இல்லாமல் இயங்காது. உடல் எடையில் 2 சதவீதம் மட்டுமே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது என்பதால், செம்பு குறைந்தால் முதலில் தவிக்கும் உறுப்புகளில் மூளையும் ஒன்று. டோபமைன் என்னும் நரம்புச் செய்திப் பொருளை நோரட்ரினலினாக மாற்றும் நொதியத்துக்கும் செம்பு வேண்டும். இரும்பைக் கையாளும் செரூலோபிளாஸ்மின் என்னும் குருதிப் புரதத்துக்கும் செம்பு வேண்டும். அதைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

இலத்திரனை எளிதில் கைமாற்றும் அந்த இயல்பேதான் ஆபத்தும் ஆகிறது. கலத்தில் இயல்பாகத் தோன்றும் ஐதரசன் பேரொட்சைட்டுடன் கட்டற்ற செம்பு சந்தித்தால், எதனோடும் உடனே வினைபுரியும் ஐதரொட்சில் மூலிகம் பிறக்கிறது. அது தோன்றிய இடத்திலேயே, தனக்கு மிக அருகில் எது இருக்கிறதோ அதைத் தாக்கும்: கலமென்சவ்வின் கொழுப்பை, புரதத்தை, டி.என்.ஏ. இழையை. மூளையின் மென்சவ்வுகளில் எளிதில் ஒட்சியேறும் கொழுப்பு மிகுதி. அத்துடன், இறந்துபோன நரம்புக் கலத்துக்குப் பதிலாகப் புதிய கலம் முளைப்பது மூளையின் பெரும்பாலான பகுதிகளில் நடப்பதில்லை. தோலில் ஆறிவிடும் காயம் மூளையில் ஆறாமல் நிற்பது இதனாலேயே.

ஆகவே கலங்கள் செம்பைத் தனியே விடுவதில்லை. ஈஸ்ட் என்னும் மதுவக் கலங்களை வைத்து 1999இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு கலத்துக்குள் கட்டற்று இருக்கும் செம்பு ஓர் அணு அளவுகூட இல்லை என்று கணக்கிட்டது. முதன்முதலில் அதைப் படித்தபோது எனக்கு நம்புவதற்குக் கடினமாக இருந்தது. கலத்துக்குள் வரும் ஒவ்வொரு செம்பு அணுவும் ஒரு புரதத்தின் கையிலிருந்து இன்னொரு புரதத்தின் கைக்கு நேராகப் போகிறது. நடுவில் கீழே வைக்கப்படுவதே இல்லை. தோட்டத்து மருந்து அறையிலிருந்து கணக்கப்பிள்ளை பெயர் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டுதான் மருந்தைக் கொடுப்பார் அல்லவா? உடலுக்குள்ளும் அப்படியொரு ஒழுங்கு இருக்கிறது.

அந்த ஒழுங்கின் பாதை இது. உணவிலுள்ள செம்பு சிறுகுடலின் உட்சுவரில் உள்ள கலங்களுக்குள் நுழைகிறது. அங்கிருந்து அதைக் குருதிக்குள் வெளியேற்றுவது ஏடிபி7ஏ என்னும் பம்புப் புரதம். குருதி அதை ஈரலுக்குக் கொண்டுபோகிறது. ஈரல் கலங்களில் அதன் உடன்பிறப்புப் போன்ற இன்னொரு பம்பு இருக்கிறது, பெயர் ஏடிபி7பி. இந்த இரண்டாவது பம்பு இரண்டு வேலை செய்கிறது: தேவையான செம்பைச் செரூலோபிளாஸ்மினுக்குள் வைத்துக் குருதிக்கு அனுப்புகிறது, மிஞ்சியதைப் பித்தத்தோடு சேர்த்து மலத்தின் வழியாக வெளியேற்றுகிறது. மிகுதிச் செம்பு உடலை விட்டுப் போக வேறு நல்ல வழி கிடையாது. சிறுநீரில் போவது மிகக் கொஞ்சம். இந்த இரண்டு பம்புகளில் எது பழுதாகிறது என்பதைப் பொறுத்து, ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு நோய்கள் வருகின்றன.

ஈரலின் பம்பு பிறப்பிலேயே பழுதாக இருந்தால் வருவது வில்சன் நோய். சாமுவேல் அலெக்சாண்டர் கின்னியர் வில்சன் என்னும் நரம்பியல் வைத்தியர் 1912இல் லண்டனில் இதை விரிவாக எழுதினார். இளவயதினரில் கைநடுக்கம், பேச்சுக் குழறல், உடல் விறைப்பு ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு கூடி வருவதையும், இறந்த பின் பார்த்தால் மூளையின் ஆழத்தில் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் பகுதி சிதைந்தும் ஈரல் சுருங்கி முடிச்சு விழுந்தும் இருப்பதையும் அவர் இணைத்துக் காட்டினார். ஈரலுக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு என்பது அவருக்கு எட்டவில்லை. செம்புதான் அந்தத் தொடர்பு என்பது உறுதிப்பட 1940களின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பழுதான பரம்பரையலகு எது என்பது தெரியவந்தது 1993இல்.

பித்தத்தில் வெளியேற முடியாத செம்பு முதலில் ஈரலில் சேர்கிறது. ஈரல் கொள்ளும்வரை கொள்ளும்; அது நிரம்பி வழியும்போது செம்பு குருதிக்குள் கசிந்து, மூளையிலும் கண்ணின் கருவிழி விளிம்பிலும் சிறுநீரகத்திலும் படிகிறது. எனவே சிலருக்குப் பத்து வயதிலேயே மஞ்சட்காமாலையாகவும், வேறு சிலருக்குப் பதினெட்டு இருபது வயதில் கைநடுக்கமாகவும், இன்னும் சிலருக்குக் காரணம் தெரியாத கோபம், அழுகை, படிப்பில் சரிவு என மனநோய் போலவும் இது தலைகாட்டலாம்.

என்னிடம் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்த ஒரு மாணவனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த காலத்துக் கொப்பியில் அவனுடைய எழுத்து அச்சுப் போல இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே கையின் எழுத்துக் கோட்டை விட்டு ஏறி இறங்கியது. ‘கலமென்சவ்வு’ என்ற சொல்லின் கடைசி எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து கிடந்தன. கவனக்குறைவு என்று நினைத்து நான் சிவப்பு மையால் கோடிட்டேன். அந்தக் கோட்டை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. வீட்டில் அவனுடைய அம்மா பிளேன்டியை அரைக் கோப்பை மட்டும் ஊற்றிக் கொடுப்பார். முழுக் கோப்பை ஊற்றினால் சட்டையில் சிந்திவிடும். பேச்சுக் குழறியபோது குடிக்கப் பழகிவிட்டான் என்றார்கள். காத்துக் கருப்பு பட்டுவிட்டது என்று கோயிலில் நூல் கட்டினார்கள். ஓர் இடத்தில் மனநோய்க்கு என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில், கண்ணுக்கு எழுத்துத் தெளிவாகத் தெரியாததுதான் குறை என்று எண்ணிக் கண்ணாடி வாங்கித் தரக் கண் கிளினிக்குக்கு அழைத்துப் போனபோது, இளம் வைத்தியர் ஒருவர் ஒளிக்கீற்று விளக்கின் வழியாகப் பார்த்துவிட்டு நெடுநேரம் நிமிரவே இல்லை. கருவிழியின் விளிம்பைச் சுற்றி, பொன்னும் பழுப்பும் கலந்த ஒரு வளையம் இருந்தது.

கைசர், பிளைசர் என்னும் இரண்டு ஜெர்மன் வைத்தியர்கள் 1902இலும் 1903இலும் விவரித்த வளையம் அது. மூளையைப் பாதிக்கும் அளவுக்கு நோய் முற்றியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இது இருக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அதிலும் நம்முடைய கருமையான கண்களில் தெரிவது இன்னும் அரிது. ஆகையால் அந்த விளக்கால் பார்ப்பது அவசியம். அதோடு குருதியில் செரூலோபிளாஸ்மின் அளவு, 24 மணி நேரமும் சேர்த்து எடுக்கும் சிறுநீரில் செம்பின் அளவு, மூளையின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஆகியவை பார்க்கப்படுகின்றன. பம்பு வேலை செய்யாததால் செரூலோபிளாஸ்மினுக்குள் செம்பு ஏறுவதில்லை. செம்பு ஏறாத அந்தப் புரதம் குருதியில் விரைவில் சிதைந்துவிடும். எனவே உடலெங்கும் செம்பு மிகுந்திருந்தும் குருதிச் சோதனையில் செரூலோபிளாஸ்மின் குறைந்தே காணப்படும். மொத்தச் செம்பை அளந்தாலும் அதுவும் பல வேளைகளில் குறைவாகவே வரும். இந்த முரணைத் தெரிந்து வைத்திராவிட்டால், செம்பு குறைந்திருக்கிறது என்று தவறாக எண்ணிவிட இடமுண்டு.

மூளைச் சிதைவு நோய்களில் பலவற்றை இன்னும் நிறுத்தி வைக்க முடியவில்லை. வில்சன் நோயை முடியும். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஜோன் வால்ஷ் என்னும் பிரித்தானிய வைத்தியர், பெனிசிலின் உடைவதால் உண்டாகும் பெனிசிலமைன் என்னும் பொருளின் அமைப்பைப் பார்த்து, அது செம்பைப் பற்றிக்கொண்டு சிறுநீரில் கொண்டுபோகக்கூடும் என்று எண்ணினார். முதலில் தாமே அதை விழுங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு நோயாளருக்குக் கொடுத்தார். 1956இல் அது மருந்தாக வெளிவந்தது. அது ஒத்துவராதவர்களுக்கு டிரையன்டீன் என்னும் இன்னொரு மருந்தையும் பிற்காலத்தில் அவரே கொண்டுவந்தார். நாகம், அதாவது துத்தநாகம் என்னும் உலோகத்தின் உப்புகளும் பயன்படுகின்றன. நாகம் சிறுகுடல் கலங்களில் மெட்டலோதயோனீன் என்னும் புரதத்தைப் பெருக்குகிறது. அந்தப் புரதம் உணவுச் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ள, சில நாள்களில் அக்கலங்கள் இயல்பாக உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடுகிறது. எந்த மருந்தானாலும் வாழ்நாள் முழுவதும் வேண்டும். நன்றாகிவிட்டது என்று தாமாகவே நிறுத்தியவர்கள் ஈரல் செயலிழந்து இறந்ததுண்டு. பெனிசிலமைன் தொடங்கிய முதற் கிழமைகளில் சிலருக்கு நடுக்கம் கூடுவதும் உண்டு. அப்போது மருந்தை எறிந்துவிடாமல் வைத்தியரிடம் திரும்பப் போக வேண்டும்.

இனி மற்றப் பம்பு. சிறுகுடலிலுள்ள ஏடிபி7ஏ பழுதானால் செம்பு குடற்சுவரிலேயே சிறைப்பட்டு, உடலும் மூளையும் பட்டினி கிடக்கின்றன. இது மென்கிஸ் நோய்; ஜோன் மென்கிஸ் 1962இல் விவரித்தது. எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ள பழுது என்பதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குகிறது. குழந்தை பிறந்து இரண்டு மூன்று மாதங்களில் வலிப்பும் தளர்ச்சியும் தொடங்கும். தலைமயிர் நிறம் வெளிறி, முறுக்கிய கம்பி போல உடையும். இதற்குக் காரணம் செம்புக் குறைவுதான் என்று கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. மெல்பேர்ணில் இருந்த டேவிட் டாங்ஸ் என்னும் குழந்தை வைத்தியருக்கு, அந்த மயிரைப் பார்த்ததும் செம்பு போதாத நிலத்தில் மேய்ந்த அவுஸ்திரேலிய ஆடுகளின் சுருள் இழந்த கம்பளி நினைவுக்கு வந்தது. அப்படிப்பட்ட நிலங்களில் பிறக்கும் ஆட்டுக்குட்டிகள் பின்னங்கால் தள்ளாடி விழும் என்பதும், தாய் ஆட்டுக்குச் செம்பு கொடுத்தால் அது தடுக்கப்படும் என்பதும் 1930களிலேயே அங்கு அறியப்பட்டிருந்தன. மேய்ச்சல் நிலத்து அறிவு குழந்தைகள் வைத்தியசாலைக்கு வழிகாட்டிய நிகழ்வு அது.

பரம்பரைப் பழுது எதுவும் இல்லாமலே செம்பு குறைவதும் உண்டு. வயிற்றில் பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், நாக மாத்திரைகளை அளவுக்கு மீறி நெடுநாள் விழுங்கியவர்களுக்கும் முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாண் பாதிக்கப்பட்டுக் கால் மரத்துப்போய் நடை தள்ளாடும். பி12 விற்றமின் குறைவு போலவே தெரியும் என்பதால் தவறவிடப்படுகிறது.

இவை தெளிவான கதைகள். அல்சைமர், பார்க்கின்சன் போன்ற முதுமைக் கால நோய்களில் நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை. அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலோயிட் பீட்டா என்னும் புரதத் துணுக்குச் செம்பைப் பற்றிக்கொள்ளும் தன்மையுடையது; அந்தப் படிவுகளில் செம்பும் நாகமும் இரும்பும் செறிந்திருக்கின்றன. அதேவேளை பாதிக்கப்பட்ட மூளைப் பகுதிகளை மொத்தமாக அளந்தால் செம்பு குறைந்து காணப்படுகிறது. ஒரு வாய்க்காலில் வெள்ளமும் அடுத்த வயலில் வறட்சியும் இருப்பது போன்ற நிலை: கூடாத இடத்தில் சேர்ந்திருக்கிறது, வேண்டிய நொதியத்துக்குக் கிடைக்கவில்லை. அப்படியானால் செம்பைக் கொடுப்பதா, அகற்றுவதா? இரண்டும் முயன்று பார்க்கப்பட்டன. ஜெர்மனியில் நோய் இன்னும் இலேசாக இருந்த அல்சைமர் நோயாளர் 68 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் செம்பு 12 மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வெளியானது. நோயின் போக்கு மாறவில்லை. பெனிசிலமைன் கொண்டு செம்பை அகற்றிப் பார்த்த சிறு முயற்சியும் பயன் தரவில்லை. இடம் மாறியதை அளவை மாற்றித் திருத்த முடியாது என்பதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று நான் எண்ணுகிறேன். செம்பின் குழப்பம் நோயைத் தொடக்கிவைக்கிறதா, கலங்கள் சாகத் தொடங்கியதன் விளைவா என்ற கேள்வி இன்னும் முடியவில்லை.

பார்க்கின்சன் நோயில், நடுமூளையில் டோபமைன் சுரக்கும் கருநிறப் பகுதியில் செம்பு குறைந்தும் இரும்பு மிகுந்தும் இருக்கின்றன. முன்னர் சொன்ன செரூலோபிளாஸ்மின் இங்கே மீண்டும் வருகிறது. அதற்குள் செம்பு இருந்தால்தான் இரும்பைக் கலத்திலிருந்து பாதுகாப்பாக வெளியேற்ற அது உதவ முடியும். அந்தப் புரதமே இல்லாமல் பிறக்கும் மிக அரிதான மனிதர்களுக்கு மூளையில் இரும்பு படிந்து, நடுத்தர வயதில் அசைவுக் கோளாறும் மறதியும் வருகின்றன. செம்பின் கணக்குத் தவறினால் இரும்பின் கணக்கும் தவறுகிறது. தசைகளை இயக்கும் நரம்புகள் அழியும் ஏ.எல்.எஸ். நோயின் பரம்பரை வகை ஒன்றிலும், 1993இல் முதலாவதாக இனங்காணப்பட்ட பழுது செம்பும் நாகமும் தாங்கும் நொதியம் ஒன்றில்தான் இருந்தது. மடிப்புத் தவறிய அந்தப் புரதம் கலங்களுக்கு நஞ்சாகிறது.

இவ்வளவையும் வகுப்பில் சொன்னால் உடனே கேட்கப்படும் கேள்வி, செப்புக் குடத்துத் தண்ணீர் குடிக்கலாமா என்பதுதான். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் செம்புக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 2 மில்லிகிராம். பம்பு ஒழுங்காக வேலை செய்யும் ஈரல் சிறு மிகுதியைப் பித்தத்தில் தள்ளிவிடும். சாதாரணத் தண்ணீரால் மூளை நோய் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை, மூளை நோய் தீரும் என்று நம்பவும் இடமில்லை. மோர், புளி, தேசிக்காய் போன்ற புளிப்புள்ளவற்றைச் செப்புப் பாத்திரத்தில் வைக்கவே கூடாது. அமிலம் செம்பைக் கரைத்துவிடும், வாந்தியும் வயிற்று வலியும் வரும். நம் பெரியவர்கள் சமையல் செப்புப் பாத்திரங்களுக்கு உள்ளே வெள்ளீயம் பூசியது இதற்காகவே. வில்சன் நோய் உள்ளவர்கள் செப்புக் குடத்தையும், ஈரல், கஜு, காளான், சொக்கலேட் போன்றவற்றையும் தவிர்க்குமாறு சொல்லப்படுகிறார்கள். மருந்தடிக்கும் தொழிலாளர் முகமூடியும் கையுறையும் அணிய வேண்டும் என்பதை இங்கே சேர்த்துச் சொல்கிறேன். திராட்சைத் தோட்டங்களில் செம்பு மருந்து தெளித்தவர்களின் நுரையீரல் பாதிக்கப்பட்டதைப் போர்த்துக்கல் வைத்தியர்கள் 1969இலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வில்சன் நோய் வர, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பழுதான இரண்டு பிரதிகள் சேர வேண்டும். ஒரு பிரதி மட்டும் உள்ள பெற்றோர் நலமாகவே இருப்பார்கள். உலக அளவில் ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கு வரும் நோய் என்றாலும், மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் திருமணம் நடந்த குடும்பங்களில் ஒரே பழுது இரு பக்கமும் இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. இதில் யாருடைய குற்றமும் இல்லை; சாபமும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியானால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எந்தக் குறியும் இல்லாவிட்டாலும் அவர்கள் எல்லோரையும் சோதிக்க வேண்டும்.

என்னுடைய மாணவன் இப்போது தானே சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொள்கிறான். பேச்சில் குழறல் முழுதாகப் போகவில்லை. அவனுடைய தங்கைக்குச் சோதனை செய்தபோது வயது பன்னிரண்டு. அவளுக்கும் செரூலோபிளாஸ்மின் குறைந்திருந்தது. சிறுநீரில் செம்பு கூடியிருந்தது. கையில் நடுக்கம் வந்திருக்கவில்லை. நாக மாத்திரையை வெறும் வயிற்றில், நேரம் தவறாமல் எடுத்து வருகிறாள். போன தவணை அவளுடைய விஞ்ஞானக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். எழுத்துகள் கோட்டின் மேல் நேராக இருந்தன.